சுக்கான் என்னும் அனாமத்துக் கணக்கு

பி.காம். படிக்கிற யாரையாவது ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பி, "உலகத்துலயே ரொம்பக் கொடுமையான விஷயம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். காதல் தோல்வி, அரியர், ஹாஸ்டல் சாம்பார் எதையும் சொல்ல மாட்டார்கள். "டிரையல் பேலன்ஸ் டேலி ஆகலை" என்றுதான் பதில் வரும். பற்றுப் பக்கம் ஒரு தொகை, வரவுப் பக்கம் இன்னொரு தொகை. நடுவில் 540 ரூபாய் எங்கே போச்சு என்று பேரேட்டைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துவிடும்.

அந்த நேரத்தில் கை கொடுக்கும் தெய்வம்தான் அனாமத்துக் கணக்கு. ஆங்கில மீடியத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்பார்கள். அந்த 540 ரூபாயை அப்படியே தூக்கி அதில் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் சமம். நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் தப்பு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. எங்கோ ஒரு ஏட்டில் 710 என்பதை 170 என்று எழுதிய பிழை இன்னும் அங்கேயேதான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அனாமத்துக் கணக்கு அதைத் திருத்தவில்லை, மறைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

பாய்மரப் படகிலும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் சுக்கான்.

"என்னடா இது, காமர்ஸ் பாடம் என்று உள்ளே வந்தால் கப்பல் கதையா?" என்று ஓடிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் இரண்டும் ஒரே கதை என்பது தெரியும் :-)

பாய் இல்லாத கரை

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. துறவி ஆவதற்கு முன் அவர் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வணிகம் செய்தவர் என்பது வழிவழியாக வரும் கதை. அதாவது கப்பல் அனுப்பிக் காசு பார்த்த ஒரு வியாபாரி வந்து அடங்கிய ஊர் இது. அந்தக் கதைக் காலத்தில் கப்பல் என்றால் பாய்தான்.

இன்றைக்கு அதே கரையில் நின்று பார்த்தால் தெரிவது வேறு. துறைமுகத்துக்குள் நுழைய நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் பெரிய சரக்குக் கப்பல்கள். காசிமேட்டிலிருந்து புகை விட்டுக்கொண்டு போகும் விசைப்படகுகள். தடதடவென்று ஓடும் ஃபைபர் போட்டுகள். பாய் விரித்த படகைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே சென்னைத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். துறைமுகப் பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முயற்சியில் 1911-ல் ஆரம்பித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்னும் அங்கே இருக்கிறது. ஆப்டிமிஸ்ட் என்ற தொட்டி மாதிரியான குட்டிப் படகில் சின்னப் பிள்ளைகள் பாய் விடக் கற்பதும், பெரியவர்கள் பெரிய படகில் போவதும் சென்னையில் இன்றும் நடக்கிற விஷயங்கள்தான்.

சின்னப் படகோ பெரிய படகோ, புதிதாகப் பாய் விடுகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே சந்திக்கும் ஒரு தொல்லை உண்டு. படகு நேராகப் போக மாட்டேன் என்கிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறது, தவிடு வைத்திருக்கும் வீட்டைப் பார்த்த மாடு மாதிரி. அதை நேராகக் கொண்டுபோக, சுக்கான் பிடியைக் காற்று வரும் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இழுப்புக்குத்தான் 'வெதர் ஹெல்ம்' என்று பெயர். காற்று லேசாக இருந்தால் ஒரு விரல் போதும். காற்று ஏறினால் இரண்டு கையும் போதாது. ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்.

புதியவர் என்ன செய்வார்? இன்னும் பலமாக இழுப்பார். அனாமத்தில் இன்னும் கொஞ்சம் தொகையை ஏற்றுவார். படகு ஒருவழியாக நேராகப் போகும். "டேலி ஆயிடுச்சு" என்று நினைத்துக்கொள்வார்.

மீன்பாடி வண்டி தத்துவம்

படகு ஏன் அப்படித் திரும்புகிறது? இதற்கு இரண்டு காரணங்கள். இரண்டையும் புரிந்துகொள்ள இயற்பியல் புத்தகம் வேண்டாம், வடசென்னை போதும்.

முதல் காரணம். பாய்களின் மேல் விழும் காற்றின் மொத்த விசையும் ஒரு புள்ளியில் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். அது பாயின் மையம். தண்ணீருக்குள் இருக்கும் படகின் அடிப்பகுதி பக்கவாட்டில் நகராமல் தடுக்கிறது இல்லையா, அந்தத் தடையின் மொத்தமும் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அது நீரின் மையம். கீழே உள்ள புள்ளியை ஆணி அடித்து நிறுத்தியது போல நினைத்துக்கொள்ளுங்கள். காற்று அந்த ஆணிக்குப் பின்னால் தள்ளினால் படகின் பின்பக்கம், அதாவது அமரம், காற்றோடு போகும். முன்பக்கமான அணியம் காற்றை நோக்கித் திரும்பும். ஆணிக்கு முன்னால் தள்ளினால் இதற்கு நேர் எதிர். கூரை மேல் வைத்த காற்றுச் சேவல் திரும்புவதும் இதே கணக்கில்தான்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அதைப் பலரும் கவனிப்பதில்லை. காசிமேட்டில் மீன்பாடி வண்டி பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் பலகை. அந்த வண்டியைப் பின்னாலிருந்து நடுவில் பிடித்துத் தள்ளினால் நேராகப் போகும். வலது ஓரத்தில் பிடித்துத் தள்ளினால்? இடது பக்கம் திரும்பும். எவ்வளவு ஓரமாகப் போகிறீர்களோ அவ்வளவு திரும்பும்.

பாய்மரப் படகு காற்றில் சாயும்போது நடப்பது இதுதான். நேராக நிற்கும் படகில் பாயின் தள்ளு விசை படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கிறது. படகு ஒரு பக்கம் சாய்ந்ததும் பாய்மரம், பாய் எல்லாமே அந்தப் பக்கம் தண்ணீருக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தள்ளும் கை வண்டியின் ஓரத்துக்குப் போய்விட்டது. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது காற்று வரும் பக்கமாக, படகு திரும்புகிறது. போதாக்குறைக்கு, சாய்ந்த படகின் வயிறு ஒரு பக்கம் மட்டும் தண்ணீரில் அமிழ்வதால் அந்த வளைவும் அதே பக்கம் திருப்பி விடுகிறது.

ஆக, சாய்வு அதிகமானால் இழுப்பு அதிகம். சாய்வு ஏன் அதிகமாகிறது? தேவைக்கு மேல் பாய் விரித்திருப்பதால்.

இதில் ஒரு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாயின் மேல் விழும் விசை காற்றின் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரில் வீசிய காற்று 14 நாட் ஆனால், "நாலு நாட்தானே கூடியிருக்கு" என்று தோன்றும். ஆனால் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சென்னையில் கோடைக்கால மத்தியானம் கடற்காற்று திடீரென்று பிடிக்கும்போது, காலையில் சமத்தாக இருந்த படகு முரண்டு பிடிப்பதற்கு இதுதான் காரணம். கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இந்த ஆபத்து சொல்லாமலே புரியும்.

கொஞ்சம் இருந்தால் நல்லது

இழுப்பு சுத்தமாக இல்லாமல் செய்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இங்கேதான் படகு, கணக்குப் புத்தகத்திலிருந்து கொஞ்சம் விலகுகிறது.

லேசான இழுப்பு ஒரு பாதுகாப்பு. சுக்கான் பிடித்திருப்பவர் தடுக்கி விழுந்தார், மயங்கினார், பிடி உடைந்தது என்று வைத்துக்கொள்வோம். காற்றை நோக்கி இழுக்கும் படகு தானாகவே காற்றுக்கு நேராகத் திரும்பும். பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், வேகம் குறையும், படகு நிற்கும். சத்தம் பெரிதாக இருக்கும், ஆபத்து குறைவு. இழுப்பு எதிர்ப்பக்கம் இருந்தால் கதையே வேறு. கையை விட்டதும் படகு காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பும், வேகம் பிடிக்கும், ஒரு கட்டத்தில் பாயும் அதன் கீழ்க்கழியும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுழற்றி அடிக்கும். அந்தக் கழி தலையில் பட்டுச் செத்தவர்கள் உண்டு. அதனால்தான் படகு வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் வெதர் ஹெல்மை விட்டுவைக்கிறார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. சுக்கான் மூன்று முதல் ஐந்து டிகிரி வரை லேசாகத் திரும்பியிருந்தால், அது தண்ணீருக்குள் ஒரு சிறகு மாதிரி வேலை செய்து, படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க உதவுகிறது. கையிலும் படகின் உயிர்த்துடிப்பு தெரியும். அதைத் தாண்டிப் பத்து டிகிரிக்கு மேல் போனால் சிறகு, பலகை ஆகிவிடுகிறது. தண்ணீரில் குறுக்கே பிடித்த பலகை என்ன செய்யும்? பிரேக் போடும். பாய் முன்னால் இழுக்க, சுக்கான் பின்னால் இழுக்க, படகு நடுவில் நின்று முனகும். கால் பிரேக்கில், கை ஆக்ஸிலரேட்டரில் வைத்து பைக் ஓட்டும் ஆசாமிகள் உண்டல்லவா, அவர்கள்தான்.

பெட்டி கேஷில் நூறு இருநூறு இருக்கலாம். மொத்த முதலும் அதில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்கே திருத்துவது?

இப்போது முக்கியமான கேள்வி. இழுப்பு தெரிவது சுக்கானில். ஆனால் திருத்த வேண்டிய இடம் சுக்கான் இல்லை. வித்தியாசம் தெரிவது டிரையல் பேலன்ஸில், பிழை இருப்பது பேரேட்டில். தலையை மேலே தூக்கிப் பாயைப் பார்க்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் போகும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

முதலில், பெரிய பாயைப் பிடித்திருக்கும் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். காசு செலவில்லாத வைத்தியம். கயிறு ஓடும் தண்டவாளம் படகில் இருந்தால் அதைக் காற்றுக்கு மறைவான பக்கம் நகர்த்துவார்கள். பாயின் பின்பாதியில் இருக்கும் அதிகப்படியான விசை வழிந்துவிடும், படகு கொஞ்சம் நிமிரும்.

இரண்டாவது, பாயைத் தட்டையாக்குவார்கள். பாய்க்கும் தொப்பை உண்டு. காற்று லேசாக இருக்கும்போது தொப்பை நல்லது, பலமாக இருக்கும்போது கெட்டது. கீழ்விளிம்பையும் முன்விளிம்பையும் இறுக்கி இழுத்தால் தொப்பை சுருங்கி முன்னால் வரும். பழைய பாயில்தான் இதில் பெரிய சிக்கல். துணி தொய்ந்து தொப்பை பின்னால் போய் நிற்கும். "படகு மோசம்" என்று திட்டுபவர்களில் எத்தனையோ பேருக்கு உண்மையில் மோசமாக இருப்பது பத்து வருடப் பழைய பாய்தான்.

மூன்றாவது, பாயைச் சுருக்குவது. பெரிய பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பார்கள். இதில் ஒரு பழைய கடல் விதி உண்டு: சுருக்கலாமா என்று முதல் தடவை தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தால் சுருக்க முடியாத அளவுக்குக் காற்று வந்துவிடும். புதியவர்களுக்கு இது மனசு வராது. பாயைக் குறைத்தால் வேகம் குறையும் என்ற பயம். ஆனால் நிறைய சாய்ந்து, சுக்கானால் பிரேக் போட்டுக்கொண்டு போன படகு, பாயைச் சுருக்கியதும் நிமிர்ந்து அதே வேகத்தில், சில சமயம் அதைவிட வேகமாகப் போகும். கையும் ஓயும்.

இத்தனையும் செய்தும் இழுப்பு போகவில்லை என்றால்தான் பாய்மரத்தைக் கொஞ்சம் முன்பக்கம் நிமிர்த்துவது, முன்பாயைப் பெரிதாக்குவது போன்ற கரை வேலைகள். பாய்மரம் பின்னால் சாய்ந்திருந்தால் பாயின் மையமும் பின்னால் போய்விடும் என்பது முதல் காரணத்திலேயே பார்த்ததுதான்.

சின்னப் படகில் இன்னொரு மருந்து உண்டு: உடம்பு. சென்னையில் பாய்ப்படகு பழகி டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட நேத்ரா குமணனின் போட்டிப் படகில் ஒரே ஒரு பாய்தான். துணைக்கு ஆள் கிடையாது. போட்டிப் படங்களைப் பார்த்தால், காலை மட்டும் படகில் மாட்டிக்கொண்டு உடம்பு முழுவதையும் வெளியே தொங்கவிட்டிருப்பார்கள். வித்தை காட்டுவதற்காக இல்லை. படகை நிமிர்த்தி வைக்க, சுக்கானில் பிரேக் விழாமல் இருக்க.

பெரிய படகுகளில் ஒரு வசதியே வில்லங்கம் ஆவதும் உண்டு. சக்கரம் வைத்த படகில் பற்சக்கரமும் ஹைட்ராலிக்கும் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் இழுப்பு கைக்கே தெரியாது. தானியங்கிக் கருவியிடம் விட்டால் இன்னும் மோசம். அது முகம் சுளிக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும், பேட்டரியைக் குடித்துக்கொண்டே. நடுராத்திரியில் பேட்டரி தீர்ந்தோ கருவி உடைந்தோ நின்ற பிறகுதான், இவ்வளவு நேரம் அது எவ்வளவு பெரிய தொகையை அனாமத்தில் சுமந்துகொண்டிருந்தது என்பது தெரியவரும். அதனால்தான் சுக்கான் நேராக இருக்கும் நிலையில் சக்கரத்தின் உச்சிக் கம்பியில் ஒரு கயிறு முடிச்சுப் போட்டு வைப்பார்கள். அந்த முடிச்சு எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்தால் வித்தியாசத் தொகை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பம்பாயில் பிறந்த சுஹைலி

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்குத் தொல்லை என்று நினைக்கலாம். உயிரே இதில் தொங்கிய கதைகள் உண்டு.

ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் 1895 முதல் 1898 வரை 'ஸ்ப்ரே' என்ற படகில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்தார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். தனி ஆள் எப்போது தூங்குவது? ஸ்ப்ரேயின் பாய்களைச் சரியாக வைத்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால் அது பாட்டுக்குப் போகும். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்துமாக்கடலின் கோகோஸ் கீலிங் தீவு வரை சுமார் 2,700 மைல், 23 நாள். அத்தனை நாளிலும் அவர் சுக்கானைப் பிடித்த மொத்த நேரம் மூன்று மணிக்கும் குறைவு என்று எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்த கதை இன்னும் நெருக்கமானது. பம்பாயில் கொலாபாவில், இந்தியத் தச்சர்கள் கையால் தேக்கு மரத்தில் செதுக்கி 1964-ல் கடலில் இறக்கிய 32 அடிப் படகு 'சுஹைலி'. அதன் சொந்தக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் கப்பல் அதிகாரி. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து, எங்கேயும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டிக்குக் கிளம்பினார். காற்றின் திசை பார்த்துத் தானே திருப்பும் கருவி ஒன்றைப் படகில் மாட்டியிருந்தார். ஆஸ்திரேலியாவைக் கடக்கும் கட்டத்தில் அது உடைந்து, சரிசெய்ய முடியாத நிலைக்குப் போய்விட்டது. பாதி உலகம் பாக்கி. எதிரே பசிபிக், அதைத் தாண்டினால் தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன்.

இரவு பகலாக ஒரு மனிதர் சுக்கானைப் பிடிக்க முடியாது. அவர் பாய்களிடம் போனார். சுஹைலிக்கு இரண்டு பாய்மரம். பாய்களைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து, விசையை ஆணிக்கு முன்னும் பின்னும் பங்கு போட்டார். கருவி இல்லாமலே படகு தன் வழியில் போனது, அவர் தூங்கினார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார். ஒன்பது பேர் கலந்துகொண்ட போட்டியில் முடித்தவர் அவர் ஒருவர்தான். நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்ற பெயர் கிடைத்தது. அந்தப் பெயரில் பம்பாய்த் தச்சர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தப் போட்டியின் ஐம்பதாவது ஆண்டையொட்டி அதைப் பழைய முறையிலேயே மீண்டும் தொடங்கினார்கள். மின்சாரத் தானியங்கிக்கு அனுமதி கிடையாது. 2022-ல் கிளம்பிய பந்தயத்தில் இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அபிலாஷ் டோமி 236 நாள் ஓட்டி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தென் ஆப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். இந்தப் படகுகளைத் திருப்புவது காற்றால் இயங்கும் கருவி. அதற்குக் கை பலம் கிடையாது. படகு முதலில் பாயாலேயே சமநிலையில் இருந்தால்தான் அது மீதி வேலையைச் செய்யும். சமநிலை இல்லாத படகில் மாட்டினால் கருவிதான் உடையும்.

சுக்கான் தொகுதி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பரில் 'தாரிணி' என்ற 55 அடிப் படகில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். தென்கடலின் மலை போன்ற அலைகளையெல்லாம் தாண்டிவிட்டார்கள். வீடு திரும்பும் கடைசிக் கட்டத்தில், 2018 ஏப்ரலில், சுக்கான் கருவி பழுதாகி மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் நிற்க வேண்டி வந்தது. சரிசெய்துகொண்டு மே 21 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள். அதே தாரிணியில் 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பியவர்கள் இரண்டே பேர்: கேரளத்தின் தில்னா, புதுச்சேரியின் ரூபா. ஆறு பேர் மாறி மாறிப் பிடித்த சுக்கானை இரண்டு பேர் பார்த்துக்கொள்வது என்றால், பாய்க் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுக்கானே இல்லாத கட்டுமரம்

இவ்வளவு தூரம் உலகைச் சுற்றியாயிற்று. திரும்ப திருவொற்றியூருக்கு வந்தால், இந்த வித்தையெல்லாம் இந்தக் கரையிலேயே இருந்தது என்பது ஞாபகத்துக்கு வரும்.

கட்டுமரத்துக்கு ஆழமான அடிக்கட்டை கிடையாது. நிலையாகப் பொருத்திய சுக்கானும் கிடையாது. சில மரங்களைச் சேர்த்துக் கட்டி, மூங்கிலில் ஒரு முக்கோணப் பாய். விடிவதற்கு முன் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போவார்கள், பகலில் கடற்காற்று பிடித்ததும் அதே பாயில் திரும்புவார்கள். திசை திருப்ப அமரத்தில் ஒருவர் துடுப்பை ஊன்றிப் பிடிப்பார். நழுவாமல் இருக்கப் பக்கத்தில் பலகை இறக்குவார்கள். இழுப்பு அதிகமானால் பாய்க்கயிற்றைத் தளர்த்த வேண்டும், இல்லை ஆள் இடம் மாறி உட்கார வேண்டும். வேறு வழியே இல்லை. பிழையைத் தூக்கிப் போட அந்தப் படகில் அனாமத்துக் கணக்கே கிடையாது! அந்தந்த நிமிடமே பேரேட்டில் திருத்தியாக வேண்டும். வாடைக்கு ஒரு விதம், கச்சானுக்கு ஒரு விதம் என்று காற்றுக்கேற்பப் பாய் பிடிப்பது அங்கே தனிப் பாடம் இல்லை, பிழைப்பு.

எஞ்சின் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் போட்டுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் ஒதுங்கியது, பாய் மறைந்தது. உழைப்பு குறைந்தது, தூரம் போக முடிந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. டீசல், மண்ணெண்ணெய் விலை ஏறும்போது மட்டும் பழைய பாயின் அருமை பேச்சில் வந்து போகும்.

கட்டுமரம் ஒதுங்க இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதை இழுத்துப் போட மணல் வேண்டும். வங்கக்கடலின் இந்தக் கரையில், வருடக் கணக்கு எடுத்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்ததும் மணல் அதன் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. வீடுகள், தெருக்கள் போயின. பிறகு கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல். இன்னும் வடக்கே அரிப்பு. கல் இல்லாவிட்டால் எண்ணூர் நெடுஞ்சாலையே மிஞ்சியிருக்காது, அதனால் கல்லைப் பழிக்க முடியாது. ஆனால் அதுவும் ஒரு சுக்கான்தான். வித்தியாசத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, வித்தியாசம் உண்டான இடத்தைத் தொடவில்லை. டேலி ஆன மாதிரி தெரியும் அந்தக் கணக்கின் பாக்கியைக் கட்டுவது, அடுத்த குப்பத்துக்காரர்.

பத்து விநாடிச் சோதனை

படகைச் சோதிக்கப் பழைய ஆட்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். மிதமான காற்றில், சுற்றிலும் வேறு படகு இல்லாத இடத்தில், காற்றைப் பக்கவாட்டில் வாங்கி நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது, சுக்கான் பிடியை மெதுவாக விட்டுவிட வேண்டும். பத்து விநாடி வேடிக்கை பார்க்க வேண்டும்.

படகு நிதானமாக, அவசரமில்லாமல் காற்றை நோக்கித் திரும்பினால் எல்லாம் நலம். விருட்டென்று திரும்பினால் பாய் அதிகம், சுருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும், கரைக்கு வந்ததும் பாய்மரத்தைப் பார்க்க வேண்டும்.

இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை எந்தப் படகும் நேராகப் போவது போலத்தான் தெரியும். பிடியில் எவ்வளவு பாரம் இருந்தது என்று கையை விடும்போதுதான் தெரியும். ஆடிட்டர் வருவதற்கு முன்பே ஒரு நாள் அனாமத்துக் கணக்கைத் திறந்து, அந்த 540 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பேரேட்டில் தேடுவதும் இதே வேலைதான். தேடுகிறவர்களுக்கு ஒரு சின்னத் துப்பு: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். கடலில் துப்பு அதைவிடச் சுலபம். படகு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.